உண்ணுமுன் ஒரு கேள்வி

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உணவு விஷயத்தில் இரண்டு உலகங்களில் வாழ்கின்றன. வீட்டினுள்ளே சாம்பாரும் ரசமும் தோசையும். வாசற்படியைத் தாண்டினால் மும்பையில் வடா பாவ், தில்லியில் மோமோ, கொல்கத்தாவில் ஜால்முரி, எங்கும் பர்கரும் நூடுல்ஸும். பெரியவர்கள் முதல் உலகத்தை விட்டு அகல விரும்புவதில்லை. பிள்ளைகளோ இரண்டாவது உலகத்தில்தான் வளர்கின்றனர். இதில் குறை கூற ஏதுமில்லை. வந்து சேர்ந்த ஊரின் உணவை விரும்பி உண்பது அவ்வூர் மக்களோடு உறவு கொள்வதன் முதற்படியேயாகும்.

ஆயினும் அவ்வுணவில் என்னென்ன பொருள்கள் சேர்ந்துள்ளன என்பதை நாம் பெரும்பாலும் அறிவதில்லை. பலருக்கு அந்த அறியாமையால் தீங்கு இல்லை. உணவு ஒவ்வாமை உடைய சிலருக்கோ அது உயிரைத் தொடும் விஷயம். வீட்டில் அடுப்பு நம் கையில் இருக்கிறது. கடையில் அது பிறர் கையில் இருக்கிறது. அந்தக் கைக்கும் நம் குழந்தையின் வாய்க்கும் இடையே நாம் வைக்கக்கூடிய காவல் ஒன்றே ஒன்று: உண்ணுமுன் கேட்கும் கேள்வி. அதனை எவ்விடத்தில், எச்சொல்லால் கேட்பது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஒவ்வாமை எது, எது அன்று

‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கினார். நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கென்று அமைந்த உடலின் காவற்படை, தீங்கற்ற ஓர் உணவைப் பகை என்று தவறாகக் கருதிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. இப்போரைத் தூண்டும் எதிர்ப்பொருளை 1966-இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாக்கா, டெருகோ இஷிசாக்கா ஆகியோர் இனங்கண்டனர். முன்பு உண்டபோது ஒன்றும் நேராதிருந்த பொருளே, உடல் அதனைப் பகையென்று குறித்துக்கொண்ட பின் தீங்கு விளைவிக்கிறது. “போன மாதம் தின்றானே, ஒன்றும் ஆகவில்லையே” என்னும் சமாதானம் இதனாற்றான் செல்லாததாகிறது.

இதன் அறிகுறிகள் பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் தோன்றும். உதடும் வாயும் அரிக்கும், தோலில் தடிப்புகள் எழும், முகம் வீங்கும், வயிறு வலித்து வாந்தி வரும். இவற்றைக் கண்டதும் நம் வீடுகளில் ஒருவர் சூடு என்பார். ஒருவர் பித்தம் என்பார். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்பார் மற்றொருவர். பாட்டியார் திருஷ்டி கழிக்கத் தொடங்குவார். தடிப்பு தானாக மறைந்தால் விஷயமும் மறந்துபோகிறது. ஒருமுறை இலேசாக வந்தது அடுத்த முறையும் இலேசாகவே வரும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் தடிப்பைக் கண்ட அன்றே, குழந்தை கடைசி இரண்டு மணி நேரத்தில் உண்டவை அனைத்தையும், கடையின் பெயரோடு, ஒரு தாளில் குறித்துவைப்பது நலம். டாக்டருக்கு அதைவிட உதவியான சான்று இல்லை.

ஒவ்வாமை அல்லாதவையும் சில உண்டு. பாலைக் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாவது பலருக்கு நேர்வது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் குறைவதே அதற்குக் காரணம். அவர்கள் சிறிது தயிரை இடரின்றி உண்ணக்கூடும். பாலின் புரதமே ஒவ்வாதவருக்கோ ஒரு கரண்டித் தயிரும் அபாயம். ஒரே பெயரில் வழங்கினும் இவை இரண்டும் வெவ்வேறு. கோதுமையின் குளூட்டன் குடலைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும் சீலியக் நோயும் வேறு வகைப்பட்டது. ஆனால் அந்நோயாளர் கடையில் கேட்கவேண்டிய கேள்விகள் ஏறக்குறைய இவையே. சீன உணவுக் கடைக்குச் சென்றுவந்து உடம்பு கெட்டால் அஜினமோட்டோவின்மீது பழி சுமத்துவது நம் வழக்கம். உண்மைக் குற்றவாளி அதே தட்டிலிருந்த இறாலாகவோ முட்டையாகவோ வேர்க்கடலையாகவோ இருந்தால், அப்பழி அதனைத் தப்பவிட்டுவிடும்.

மறைந்திருக்கும் இடங்கள்

நம்மவருள் பலர் பச்சைப் புள்ளியைக் கண்டதும் மனநிறைவு கொள்கின்றனர். அப்புள்ளி புலாலும் முட்டையும் இல்லை என்பதை மட்டுமே கூறுகிறது. பால், கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, எள், சோயா ஆகிய யாவும் பச்சைப் புள்ளியின் கீழ் அடங்குவனவே. விரதம் காப்பவருக்கு அது வழிகாட்டி. ஒவ்வாமை உடையவருக்கு அது வழிகாட்டி அன்று.

வடா பாவை எடுத்துக்கொள்வோம். உருளைக்கிழங்கும் கடலை மாவும் பாவும் கண்ணுக்குத் தெரிகின்றன. இடையில் தூவும் சிவந்த பூண்டுப் பொடியில் கொப்பரையோடு வேர்க்கடலையோ எள்ளோ சேர்ப்பது பல கடைகளின் வழக்கம். மகாராஷ்டிரத்தில் விரத நாளுக்குரிய சாபுதானா வடையிலும் கிச்சடியிலும் ஜவ்வரிசியோடு வேர்க்கடலைப் பொடி நிறையக் கலந்திருக்கும். தில்லி ஹோட்டல்களில் பரிமாறும் வெண்ணிறக் குழம்புகளும் கோர்மாவும் முந்திரி விழுதாலேயே கெட்டிப்படுகின்றன. ஜால்முரியில் வேர்க்கடலையோடு கடுகெண்ணெயும் சேர்கிறது. சோயா சாஸில் சோயா மட்டுமன்றிப் பெரும்பாலும் கோதுமையும் உண்டு. முட்டையில்லாத மயோனைஸ் என்று எழுதியிருந்தால், முட்டைக்குப் பதிலாகப் பாற்பொருளோ சோயாவோ இருக்கலாம். பர்கர் ரொட்டியின்மேல் ஒட்டிய எள்ளைத் தட்டிவிட்டு உண்ணலாம் என்று நினைப்பதும் தவறு; தட்டிய பின்னும் எள்ளின் துகள் அதில் தங்கும்.

நமக்குப் பழகிய உணவே புது ஊரில் வேறு உருக்கொள்வதும் உண்டு. ஐதராபாத்தில் இட்லி கேட்டால், நாம் எதிர்பார்க்கும் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலைச் சட்னி வரக்கூடும். இட்லி நம்முடையது என்ற நம்பிக்கையில் சட்னியை யாரும் விசாரிப்பதில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ வேறு மாவோ கலந்திருப்பதையும் பலர் அறியார். கோதுமை ஆகாதவருக்கு, சாம்பாரும் விசாரித்து உண்ணவேண்டிய பண்டமே.

பொருளில் இல்லாதது பாத்திரத்தின் வழியே வந்துசேர்வதும் உண்டு. இறால் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கு வறுபடுகிறது. ஆம்லெட் போட்ட கல்லில் ரொட்டி சூடாகிறது. வேர்க்கடலைச் சட்னிக் கரண்டி அடுத்த பாத்திரத்தில் இறங்குகிறது. கொதிக்கும் எண்ணெயில் எல்லாம் அழிந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. இறாலின் ஒவ்வாமைப் புரதம் சூட்டைத் தாங்குவது. வேர்க்கடலையினது வறுத்தாலும் அழியாதது. நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். உடலுக்கு நல்லது என்று நாம் தேடி வாங்கும் செக்கெண்ணெயில் அது தங்கியிருக்கக்கூடும்.

பெரிய நிறுவனங்களின் பண்டமும் எளிதில் புலப்படுவதன்று. உருளைக்கிழங்கு வறுவலில் கிழங்கும் எண்ணெயும் உப்பும் தவிர வேறென்ன இருக்கமுடியும் என்று தோன்றும். 2006-ஆம் ஆண்டில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம், அமெரிக்காவில் தான் விற்கும் வறுவலின் சுவையூட்டியில் கோதுமையிலிருந்தும் பாலிலிருந்தும் பெறப்பட்ட பொருள்கள் உண்டென்று அறிவித்தது. 2016-இல் இங்கிலாந்தில் நடாஷா என்னும் 15 வயதுச் சிறுமி விமான நிலையக் கடையில் ஒரு ரொட்டிப் பண்டம் வாங்கினாள். எள் அவளுக்கு ஆகாது. அது மாவிலேயே கலந்து சுடப்பட்டிருந்தது. உறைமேல் அதைப் பற்றிய குறிப்பு இல்லை. விமானத்தில் தந்தையார் இருமுறை அட்ரினலின் ஊசி போட்டும் அவள் பிழைக்கவில்லை. பெற்றோரின் விடாமுயற்சியால், கடையிலேயே செய்து உறையிட்டு விற்கும் பண்டங்களிலும் பொருள்களின் முழுப் பட்டியலை அச்சிடவேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் அவள் பெயராலேயே வழங்குகிறது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2020-இல் வெளியான உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உறையிட்ட பண்டங்களில் கோதுமை முதலிய குளூட்டன் தானியங்கள், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா ஆகியவை இருப்பின் தனியே குறிப்பிடவேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகளை உடைய உணவகங்கள் தம் உணவுப் பட்டியலில் ஒவ்வாமைக் குறிப்பைத் தரவேண்டும். ஆனால் அவ்விதிகள் வகுத்த பட்டியலில் எள்ளும் கடுகும் இடம்பெறவில்லை. தெருமுனைத் தள்ளுவண்டிக்கோ உறையும் இல்லை, பட்டியலும் இல்லை. அங்கே கேள்வி ஒன்றே துணை.

எந்தச் சொல்லால் கேட்பது?

தமிழில் கடலை என்ற சொல் வேர்க்கடலையையும் குறிக்கும். கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப் பருப்பு ஆகியவற்றிலும் வரும். கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலையிலிருந்து எடுப்பது. கடலை மாவு என்றால் கடலைப் பருப்பை அரைப்பது. நமக்குள்ளேயே இத்தனை மயக்கம் என்றால், மற்றொரு மொழியில் கேட்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும்! கன்னடத்தில் கடலெ என்பது கொண்டைக்கடலை, வேர்க்கடலை கடலெக்காயி. நம் செவிக்குப் பாதாம் என்பது வாதுமைப் பருப்பு. கொல்கத்தாவின் தெருக் கடையிலோ பாதாம் என்றால் பெரும்பாலும் வேர்க்கடலையே. ஒரு தாய் பாதாம் உண்டா என்று வாதுமையை எண்ணிக் கேட்கிறாள்; அல்லது உண்டு என்ற விடையைக் கேட்டு, வாதுமைதானே, நம் பிள்ளைக்கு அது தீங்கில்லை என்று வாங்கிக் கொடுக்கிறாள். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இடையில் அகப்படுவது குழந்தை.

ஆகவே தமக்கு ஆகாத பொருளின் பெயரை அவ்வூர் மொழியில் ஐயமறக் கற்றுக்கொள்ளவேண்டும். வேர்க்கடலையை இந்தியில் மூங்ஃபலி என்பர். மும்பைக் கடைகளில் சிங்தானா என்றும் சொல்வர். மராத்தியில் ஷேங்தாணே, வங்காளத்தில் சீனேபாதாம், தெலுங்கில் வேருசெனக அல்லது பல்லீலு. எள்ளுக்கு இந்தியிலும் வங்காளத்திலும் தில், மராத்தியில் தீள், தெலுங்கில் நுவ்வுலு. கேள்வியும் நெடியதாக இருத்தல் வேண்டா. இந்தியில் ‘இஸ்மே மூங்ஃபலி ஹை க்யா?’ மராத்தியில் ‘யாத் ஷேங்தாணே ஆஹேத் கா?’ வங்காளத்தில் ‘ஏதே சீனேபாதாம் ஆச்சே?’ கன்னடத்தில் ‘இதரல்லி கடலெக்காயி இதெயா?’ இவ்வளவே போதும். எழுதப் படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாரைக் கொண்டு அவ்வூர் எழுத்தில் ஒரு சீட்டு எழுதுவித்துப் பிள்ளையின் பையில் வைப்பது இன்னும் நல்லது. அதில் ஆகாத பொருளின் பெயரும், சிறிதளவும் உயிருக்கு ஆபத்து என்ற வாக்கியமும் இருந்தால் போதும்.

கேட்கும் முறையிலும் நுட்பம் உண்டு. “அலர்ஜி வருமா?” என்று கேட்டால் கடைக்காரர் வராது என்றே சொல்வார், அவர் மருத்துவர் அல்லர். “சட்னியில் வேர்க்கடலை போட்டீர்களா? இறால் பொரித்த எண்ணெயிலா இதைப் பொரித்தீர்கள்?” என்று பொருளையும் பாத்திரத்தையும் குறித்துக் கேட்டால் அவருக்கு விடை தெரியும். பரிமாறுபவர் தயங்கினால் சமைப்பவரைக் கேட்கவேண்டும். “இல்லை என்று நினைக்கிறேன்” என்பதை உண்டு என்றே கொள்ளவேண்டும். “கொஞ்சந்தான்” என்பதும் உண்டு என்பதே. கைப்பேசிச் செயலி வழியே வரவழைக்கும் உணவுக்கு, குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டால் போதும் என்று இருந்துவிடாமல், கடைக்கே பேசி உறுதி செய்துகொள்வது நலம். பழகிய கடையானாலும் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும். சமையற்காரர் மாறுவார், வாங்கும் சாஸ் மாறும், நேற்றைய விடை இன்றைக்கு உதவாது.

ஆபத்து நேர்ந்தால்

உண்ட சிறிது நேரத்தில் மூச்சுத் திணறல், இழுப்பு, குரல் கம்முதல், தொண்டை அடைப்பு, நாக்கு வீக்கம், மயக்கம், உடல் தளர்ந்து வெளிறுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அது சாதாரண ஒவ்வாமை அன்று. அனாபிலாக்ஸிஸ் என்னும் கடும் தாக்குதல். தோலில் தடிப்பு இல்லாமலும் இது வரக்கூடும் என்பதை மறவாதீர்கள். தடிப்போடு விடாத வாந்தி சேர்ந்தாலும் அவ்வாறே கொள்ளவேண்டும். ஆஸ்துமா உடையவர்களுக்கு அபாயம் மிகுதி.

இதற்கு மருந்து அட்ரினலின் ஒன்றே. தொடையின் வெளிப்புற நடுப்பகுதித் தசையில் அது செலுத்தப்படும். டாக்டர் முன்னரே ஊசியைத் தந்து, அளவைக் குறித்துப் பயிற்சியும் அளித்திருந்தால் தயங்காது போட்டுவிட்டு, 112 அல்லது 108 எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். ஊசி கைவசம் இல்லையேல் ஒரு நிமிடமும் தாழ்க்காமல் அவசரப் பிரிவை அடையவேண்டும். என்ன உண்டார், எப்போது உண்டார், அனாபிலாக்ஸிஸ் என்று ஐயுறுகிறோம் என்னும் மூன்றையும் வாயிலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வாமை மாத்திரை அரிப்பைத் தணிக்கும். அடைபட்ட தொண்டையைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால் உயிரையே இழக்க நேரலாம். மஞ்சள் நீர், மோர், வாந்தி எடுக்கச் செய்தல் ஆகிய கைவைத்தியங்கள் வேண்டா.

நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம். எழுந்து நடக்க விடுதல் கூடாது. திடீரென நிமிர்வதால் இரத்த ஓட்டம் நின்று உயிர் போனதுண்டு. தெளிந்துவிட்டது என்று உடனே வீடு திரும்புவதும் தகாது. சில மணி நேரம் கழித்து மீண்டும் தாக்குவது உண்டாதலால், டாக்டர் விடைகொடுக்கும் வரையில் அங்கேயே இருத்தல் வேண்டும்.

அச்சத்துக்கும் அளவு வேண்டும்

இவற்றைப் படித்துவிட்டு, குழந்தைக்கு எதையும் கொடுக்க அஞ்சுவதும் பிழை. இரத்தப் பரிசோதனையில் ஒரு பொருளுக்கு எதிர்ப்பு தெரிந்த அளவில் அப்பொருள் ஆகாது என்று முடிவாகிவிடாது. உண்டபோது நேர்ந்ததையும் சேர்த்து ஆராய்ந்தே டாக்டர் முடிவு கூறுவார். தாமாகவே பாலையும் கோதுமையையும் பருப்பையும் விலக்கினால் குழந்தை மெலிவதுதான் பயன். லண்டனில் ஒவ்வாமைக்கு இடமுள்ள 640 கைக்குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டிலேயே வேர்க்கடலை உணவை உண்ணத் தொடங்கிய குழந்தைகளுக்குப் பின்னாளில் அவ்வொவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு இதனை டாக்டரின் யோசனைப்படியே செய்யவேண்டும். முழுக் கடலையைச் சிறு குழந்தைக்குக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

விலக்க வேண்டியது ஒரு பொருள்; ஊரின் உணவையெல்லாம் விலக்க வேண்டியதில்லை. வேர்க்கடலை ஆகாத சிறுவன் வடா பாவைப் பொடியின்றி வாங்கலாம். ஆனால் அது தனிக் கரண்டியிலும் தனித் தட்டிலும் வரவேண்டும். தோழர்களோடு கடைக்குச் செல்லும் பிள்ளைக்கு, செல்லாதே என்று சொல்வதைவிட, கேட்கக் கற்றுக்கொடுப்பதே பயன் தரும். பத்து வயதுக் குழந்தை இரண்டு மொழிகளில் இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிவிடும். நம்மைவிட அவ்வூர் மொழியை நன்றாகப் பேசுவதும் அக்குழந்தையே அல்லவா?

விருந்தோம்பல் நம் குடிப்பண்பு. வந்தவரை வற்புறுத்தி உண்பிப்பது நமக்கு அன்பின் அடையாளம். “ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?” என்று நாம் அன்பு மேலிடச் சொல்கிறோம். ஒவ்வாமை உடைய குழந்தையிடம் சொல்லத்தகாத வாக்கியம் இது ஒன்றுதான். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதனை மதிப்பதும், என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டால் முகம் கோணாமல் சொல்வதும் விருந்தோம்பலின் பகுதியே. அடுத்த பொங்கல் விழாவில் நம் சங்கத்தின் பலகாரக் கடைகளில், ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதில் சேர்ந்த பொருள்களை எழுதிய ஒரு சிறு சீட்டை வைப்போமாக. செலவு ஒரு தாளும் ஒரு பேனாவும். கேள்வி கேட்கக் கூச்சப்படும் தாய் ஒருத்தி அக்கூட்டத்தில் இருந்தால், அவள் கேளாமலேயே விடை பெறுவாள்.